முள்ளங்கித் தகடு

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றிலிருந்து எழுதி வைக்கப்போகிறேன். நாளைக்கு ஒரு பஞ்சாயத்து என்று வந்தால், "நீ அப்பவே ஏன் சொல்லல" என்று ஒருத்தரும் என்னைக் கேட்கக்கூடாது. அப்பவே சொல்லிவிட்டேன். இதோ தேதி.

மும்பையிலிருந்து ஜப்பான் பெட்டி வந்தது. நான் கையுறை மாட்டுவதற்குள் தெய்வசிகாமணி சார் பேனாக்கத்தியால் அட்டையைக் கிழித்துவிட்டார். பம்ப் கம்பெனி முதலாளி. பீளமேட்டில் அவர் அப்பா கட்டிய பங்களாவைத்தான் மியூசியமாக்கி வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ரூமில் நானும் அக்காவும் குடியிருக்கிறோம். வாடகை கிடையாது. அதுதான் வம்பே.

பெட்டிக்குள் பஞ்சுக்கு நடுவில் காப்புத்தகடுகள். ஜப்பான் வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே கோர்க்கிற தகடு இது. பிடித்த கை வழுக்கி அலகில் போய் வெட்டிக்கொள்ளாமல் காக்கும். உள்ளங்கை அகலம்தான், ஆனால் அதில் பட்டறைக்காரர்கள் காட்டாத வித்தை இல்லை. கியோட்டோவில் படித்த காலமெல்லாம் எனக்கு இதே பிழைப்பு. தகட்டைக் கையில் கொடுப்பார்கள். எந்தக் காலம், எந்த ஊர், உண்மையா பொய்யா என்று சொல்ல வேண்டும்.

சார் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்தார்.

"இதப் படிங்க மேடம்."

நடு ஓட்டைக்கு இடது பக்கம் எழுத்து வெட்டியிருந்தது. 'தென்திசை அந்நியர் இரும்பால் செய்தது' என்று படித்துச் சொன்னேன்.

"தெற்குன்னா யாருங்க?"

"கப்பல் வந்த திசையைச் சொல்றாங்க சார். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர்..."

"அவனுக இரும்ப எங்கிருந்து ஏத்துனானுக? நம்ம கரையில இருந்துதான? அப்ப இது நம்ம உருக்கு! தமிழன் காச்சுன இரும்பு சாமுராய் கையில!"

அக்டோபர் பத்தாம் தேதி ஜப்பான் மெஷின் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். சார் அவர்களோடு கூட்டுச் சேரப் போகிறார். அன்றைக்கே கண்காட்சித் திறப்பும். வருகிறவர்கள் முன்னால் இந்தத் தகட்டை வைத்து, 'உங்கள் வாளில் எங்கள் இரும்பு' என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டும். அவ்வளவு ஆசை அவருக்கு.

"நம்ம உருக்கு அங்கேயும் போயிருக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க சார். ஆனா இந்தத் தகடு அதுல செஞ்சதான்னு பார்க்காம சொல்லமாட்டேன்."

"பாருங்க, நல்லாப் பாருங்க. பாத்துப்போட்டு அட்டையில எழுதி, கீழ உங்க பேரப் போடுங்க. கியோட்டோல படிச்ச பேருங்க. அவனுக மறுபேச்சுப் பேசமாட்டானுக."

தகட்டில் புலியும் கிடையாது, டிராகனும் கிடையாது. இரும்பை ஊடே அறுத்தெடுத்து இரண்டு முள்ளங்கி, இலையோடு. அதைச் சொன்னபோது சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பெருக்க வந்த குப்பாத்தாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "அட ஆமாங் அம்மிணி, முள்ளங்கியேதானுங். சாம்பாருக்கு ஆகுமுங்."

செப்டம்பர் 15, திங்கள்

முழு நாளும் லென்ஸும் தகடும்தான்.

இது பழைய தகடு, அதில் சந்தேகமே இல்லை. நடு ஓட்டையின் மேலும் கீழும் சின்னச் செப்புத் துண்டு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒரு வாளிலிருந்து கழற்றி இன்னொரு வாளில் மாட்டும்போது ஓட்டை லூசாக இருந்தால் அப்படிச் செய்வார்கள். அந்தத் துண்டு நகராமல் இருக்க ஓட்டையைச் சுற்றி உளியால் நாலு குத்துக் குத்துவார்கள். அந்தக் குத்துத் தழும்பும் இருக்கிறது. ஆக, ஒரு வாளுக்கு மேல் பார்த்த தகடு. நிறமும் நல்ல நிறம். நூற்றுக்கணக்கான வருஷம் கைபட்டுக் கைபட்டு ஏறுகிற கறுப்பு, வெளிச்சத்தில் திருப்பினால் நாவல்பழத் தோல் மாதிரி லேசாக ஊதா அடிக்கும். எனக்கு இதைக் கையிலிருந்து கீழே வைக்கவே மனசு வரவில்லை.

ஆனால் அந்த எழுத்து!

தகட்டைச் செய்கிறவன் எழுத்தை வெட்டிவிட்டுத்தான் பட்டறையை விட்டு அனுப்புவான். அதற்கப்புறம்தான் வாளில் மாட்டுவது, செப்பு வைப்பது, குத்துவது எல்லாம். அப்படியானால் குத்துத் தழும்பு எழுத்தின் மேல் விழுந்திருக்க வேண்டும். இதில் எழுத்துதான் தழும்பின் மேல் ஏறிப் போகிறது. தழும்பு முதலில், எழுத்து பிறகு. யாரோ ரொம்பப் பின்னால் வெட்டியிருக்கிறார்கள். மேலே கறுப்பு ஏற்றி மூடியும் இருக்கிறார்கள்.

தெரிகிறது. ஆனால் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். சாருக்குக் காட்டினால் "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குது" என்பார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ரசம் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். அக்கா திட்டித் தீர்த்துவிட்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சொல்லிவிட்டேன். நேருக்கு நேர், அவர் ஆபீஸிலேயே.

சார் லென்ஸில் பார்த்தார், கண்ணைத் தேய்த்துக்கொண்டார், மறுபடி பார்த்தார். "எறும்பு ஊந்த மாதிரி இருக்குதுங்க" என்றார். நான் சொன்னேன் இல்லையா!

"சார், எழுத்து பின்னால வெட்டினது. அதை நம்பி நம்ம இரும்புன்னு எழுதமுடியாது."

"விக்கிறவன் எக்ஸ்பர்ட் சர்ட்டிபிகேட்டு குடுத்திருக்கிறானுங்க."

"விக்கிறவன் குடுப்பான் சார். நான் விக்கலையே."

இங்கேதான் அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, நீங்களும் தமிழ்தான? உங்கப்பா தமிழ் வாத்தியாரு. நம்ம பெருமைய நீங்களே மறுத்தா எப்படி?"

அப்பாவை இழுத்ததும் எனக்கும் ஏறிவிட்டது. "பெருமையா இருக்கிறதுக்குத் திருட்டு எழுத்து எதுக்கு சார்? நம்ம ஆளுங்க உலை வெச்சு உருக்கு காய்ச்சின இடம் இந்தக் கொங்கு மண்ணுலயே எத்தனை கிடக்கு! அதைத் தோண்டிக் காட்டுங்க, ராத்திரி பகலா உக்காந்து எழுதித் தர்றேன். இது முள்ளங்கித் தகடு. இதுல போய் நம்ம பேரை ஒட்டினா, நாளைக்கு ஒருத்தன் சிரிப்பான். அப்புறம் உண்மையைச் சொன்னாலும் சிரிப்பான்."

அவர் சிரிக்கவில்லை. ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாயிற்றாம். 'சாமுராய் கையில் தமிழ் இரும்பு'. நாலாள் உயரம்.

"பத்தாந்தேதிக்குள்ள உங்க பேரு போட்ட அட்டை வேணும். இல்லீன்னா இந்த வேலையும் அந்த வீடும் வேற ஆளுக்குப் போகுமுங்க. வருத்தத்தோடதான் சொல்றேன்."

நல்ல வருத்தம்! பேசி முடித்தவுடன் எனக்கு ஒரு காபி சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். காபி மேல் எனக்கு என்ன கோபம்?

செப்டம்பர் 21, ஞாயிறு

அலமாரிப் புத்தகங்களை இறக்கிச் சாக்கில் கட்டி வைத்தேன். தூசி தட்டத்தான்.

அக்கா வஞ்சிக்கொடி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரிடயர்டு பி.டி. டீச்சர், விசில் இல்லாமலே விசில் சத்தம் வரும். "தூசி தட்டறவ சணல் போட்டு முடிச்சுப் போடுவாளாடி?" என்றாள். இன்னொரு முடிச்சும் போட்டேன். அவள் முழங்காலுக்கு இனிமேல் மாடிப்படி ஏறமுடியாது. நாங்கள் வேறு வீடு பார்த்தால் தரைத்தளமாகத்தான் பார்க்க வேண்டும். பார்த்தால் என்கிறேன். பார்க்கப்போவதில்லை.

செப்டம்பர் 24, புதன்

சிங்காநல்லூரில் ஒரு வீடு காலி என்று போர்டு பார்த்தேன். சும்மா கேட்டு வைத்தேன். கீழ் வீடுதான். தண்ணீர் உப்பு.

செப்டம்பர் 27, சனி

ஃப்ளெக்ஸ் வந்து வாசலில் கட்டிவிட்டார்கள். வாளைப் பிடித்த சாமுராய்க்குப் பக்கத்தில் சார் கைகூப்பி நிற்கிறார். படத்தில் இருக்கும் வாளின் காப்புத்தகட்டில் டிராகன். நம்ம முள்ளங்கியைப் போட வெட்கமாக இருந்ததாம்!

காலையில் அதைத் தாண்டிப் போனேன், மத்தியானம் தாண்டிப் போனேன், சாயங்காலம் தாண்டி வந்தேன். ஒவ்வொரு தடவையும் 'மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்னேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

இன்றே எழுதியாக வேண்டும்.

சாரின் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியை விடப் பெரிசு. லேத்திலிருந்து ஸ்பேனர் வரைக்கும் ஒன்று விடாமல் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுப்பார்கள். மியூசியத்துக்கும் அதே உத்தரவு. நான் காலையில் கடைக்குப் பொரியும் வாழைக்கன்றும் வாங்கப் போனேன். தகடு என் மேஜை மேல், துணிக்கடியில் இருந்தது. ஒரு அரைமணி வேலைதானே என்று பூட்டாமல் போனேன். ஆம், பூட்டாமல் போனேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

திரும்பி வந்தால் குப்பாத்தாள் குழாயடியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் புளி, கல்லுப்பு, தேங்காய் நார். கையில் என் தகடு.

"என்ன குப்பாத்தா பண்றே!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் பதறி எழுந்தாள். "மொதலாளிதானுங் சொன்னாரு, ஆயுதம் ஒண்ணு உடாம வெளக்கிப் பொட்டு வையின்னு. வாளெல்லாம் கண்ணாடிப் பொட்டிக்குள்ள பூட்டிக் கெடக்குதுங். இது ஒண்ணுதான் கைக்கு ஆப்புட்டுது. இத்தன கறுப்பா இருந்தா சாமி கோவிச்சுக்காதுங்களா?"

குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்திருக்கிறாள். ஒரு பக்கத்தில் மேல்பாதி போயிற்று. அந்த நாவல்பழக் கறுப்பு திட்டுத் திட்டாகப் பழுத்த பழுப்பாகிவிட்டது. இரண்டு மூன்று தலைமுறை கைபட்டு ஏறியதல்ல, அதுக்கும் மேலே. நான் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். சேலை நனைந்ததுகூடத் தெரியவில்லை. குப்பாத்தாளும் என்னோடு உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது பாவம்.

தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றி எடுத்து வெயிலில் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன். சுற்றியுள்ள பழைய கறுப்பு பாதியாவது பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எழுத்து மட்டும் பளிச்! மேலே உள்ள எழுத்துகளின் பள்ளத்துக்குள் பொட்டுக் கறுப்பு இல்லை. நேற்று வெட்டிய தகரம் போல வெள்ளை வெளேரென்று மின்னுகிறது. கீழே இருக்கிற எழுத்துகளில் இன்னும் கை படவில்லை, அவை கறுப்பாகவே இருக்கின்றன.

பழைய இரும்பின் கறுப்பு உள்ளே ஊறியது, அது லேசில் விடாது. எழுத்தில் இருந்தது பூசின கறுப்பு. புளி பட்டவுடன் ஓடிவிட்டது.

லென்ஸ் வேண்டாம். கண்ணாடி போடாத அக்காவே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏண்டி, எழுத்து மட்டும் புதுசா இருக்கு?"

தகட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். குப்பாத்தாள் அதன் மேல் குங்குமம் வைக்கவா என்று கேட்டாள். பெட்டிக்கு வைத்துக்கொள் என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

போன நிறம் போனதுதான். ஆனால் தேய்ந்த இடத்தில் இன்னொன்றும் வெளியே வந்திருக்கிறது. முள்ளங்கி இலையை அறுத்தெடுத்த ஓட்டைக்குள், இரும்பின் விளிம்புச் சுவரில் இரண்டு மெல்லிய கோடுகள் தகட்டைச் சுற்றி ஓடுகின்றன. ஒரே தகடு இல்லை. மூன்று தகட்டை ஒன்றாக வைத்துக் காய்ச்சி அடித்துப் பிணைத்திருக்கிறார்கள். அழுக்கு அடைத்திருந்ததால் இத்தனை நாள் எனக்கே தெரியவில்லை.

இப்படி மூன்று தகடு சேர்த்து அடிப்பது எடோ நகரத்து அகசாகா பகுதிப் பட்டறைக்காரர்களின் பழக்கம். முள்ளங்கி, கொக்கு, மழைக்குடை என்று அன்றாடம் பார்க்கிறதையெல்லாம் இரும்பில் அறுத்து வைப்பதும் அவர்கள்தான். விளிம்பின் வட்டம், ஓட்டையின் வடிவம் எல்லாம் பொருந்துகிறது. ஆயிரத்து எழுநூறுகளின் நடுவில் என்று சொல்வேன், முன்னே பின்னே இருக்கலாம்.

எவ்வளவு நல்ல தகடு! ஊர் இருக்கிறது, காலம் இருக்கிறது, செய்தவன் கை தெரிகிறது. அதில் போய் ஒரு களவாணி பொய்யை வெட்டியிருக்கிறானே, அவன் கையில் புளியைக் கரைத்து ஊற்ற.

அக்டோபர் 3, வெள்ளி

வாட்ச்மேன் சொல்லிவிட்டார் போல. சார் காலையிலேயே வந்துவிட்டார். தகட்டைப் பார்த்ததும் முகம் கன்றிப்போயிற்று. எழுத்தைப் பார்க்கவே இல்லை, பழுப்புத் திட்டைத்தான் பார்த்தார்.

"ஏ குப்பாத்தா! இதென்ன உன்ற ஊட்டுத் தோசக்கல்லா?"

குப்பாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் குறுக்கே போனேன். ஆயுதமெல்லாம் கழுவச் சொன்னது நீங்கள்தான், பூட்டாமல் போனது நான்தான், திட்டுவதானால் எங்கள் இரண்டு பேரையும் திட்டுங்கள் என்றேன். எழுத்தைப் பாருங்கள் என்றேன். காதில் வாங்கவில்லை. என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும்.

"மேடம், நீங்க அட்டையில பேரப் போடுங்க. குப்பாத்தா பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். போடலீன்னா, பொருளச் சேதம் பண்ணுனான்னு போலீசுல எழுதிக் குடுப்பேன். யோசிச்சுக்குங்க."

மத்தியானம் குப்பாத்தாள் என் மேஜைக்கு வந்தாள். நான் என்னமோ, 'எனக்காகப் போடாதீங்க அம்மிணி' என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்:

"போட்டுடுங்க அம்மிணி. ஒரு கையெழுத்துதானுங்? அந்த ஜப்பான்காரன் எந்த இரும்புல செஞ்சா நமக்கென்ன போச்சு? ஊட்டுக்காரரு படுத்த படுக்கைங். போலீசு கீலீசுன்னு வந்தா நான் எங்கீங் போவேன்?"

போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை, மத்தியானம் முழுக்க. பேனாவை எடுத்து அட்டையில் என் பேரின் முதலெழுத்து 'கோ' என்று எழுதவும் எழுதினேன். கிழித்துப்போட்டேன்.

அக்டோபர் 4, சனி

அக்காவும் "போட்டுத் தொலை" என்கிறாள். "உன் வீம்புக்கு அந்தப் பொம்பளை ஏண்டி கம்பி எண்ணணும்?"

வீம்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று யோசித்தேன். நான் பேரைப் போட்டால் குப்பாத்தாள் ஒரு நல்ல தகட்டைக் கெடுத்தவளாகவே ஆகிறாள். எழுத்து பொய் என்று தெரிந்தால்தான் அவள் முதலாளியைக் காப்பாற்றினவள். அவளைக் காப்பாற்றவும் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சாருக்கு எப்படிப் புரியவைப்பது? லென்ஸ் வேண்டாம். அவருக்குக் கண்ணை விட விரல்தான் படிக்கும். சின்ன வயதில் அப்பாவின் பவுண்டரியில் கரி பூசிக்கொண்டு வார்ப்படம் தேய்த்த ஆள்தானே அவர்? அதை மேடைக்கு மேடை சொல்லுவார்.

அக்டோபர் 6, திங்கள்

டிபன் பாக்ஸில் புளியும் கல்லுப்பும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். பியூன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னங் மேடம், கொழம்பு வெக்கப் போறீங்களா?" என்றார்.

"உங்க முதலாளிக்குத்தான்" என்றேன்.

தகட்டைச் சாரின் கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். பக்கத்தில் புளியுருண்டை, உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர்.

"கீழே ரெண்டு எழுத்து இன்னும் தேய்க்கலை சார். நீங்களே தேய்ங்க."

"என்ன வெளையாட்டுங்க இது?"

"நான் சொன்னா எறும்புன்னு சொல்வீங்க. குப்பாத்தா சொன்னா தோசக்கல்லுன்னு சொல்வீங்க. உங்க விரல் சொல்றதக் கேளுங்க. எழுத்தையும் தேய்ங்க, பக்கத்துல எழுத்தில்லாத இடத்தையும் அதே அளவு தேய்ங்க. ரெண்டும் ஒண்ணா வெளுத்தா இங்கேயே பேரைப் போட்டுடறேன்."

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ! வெளுத்திருந்தால்?

சார் வாட்சைக் கழற்றி வைத்தார், மோதிரத்தைக் கழற்றி வைத்தார், சட்டைக் கையை மடித்தார். புளியைப் பிய்த்து உப்பில் ஒற்றிக் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தார். என்ன தேர்ந்த தேய்ப்பு! முழங்கை அசையாமல் விரல் மட்டும் சுற்றுகிறது. கோட்டுப் போட்ட ஆள் போய் அங்கே பவுண்டரிப் பையன் உட்கார்ந்திருந்தான்.

தண்ணீரில் முக்கித் துடைத்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார்.

வெறும் இடம் கறுப்பாகவே நின்றது. எழுத்து இரண்டும் வெள்ளை.

நகத்தை ஒரு கோட்டுக்குள் வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். "பிசிறு இருக்குதுங்க" என்றார் மெதுவாக. "பழசா இருந்தா பிசிறு மழுங்கியிருக்கோணும். இது... இது போன வருசத்து வெட்டுங்க." விரலை மோந்து பார்த்தார். "எவனோ என்னையக் கேணையனாக்கிப்போட்டான்."

ஜெயித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது குதிக்க முடியவில்லை. நிஜமாகவே ஆசைப்பட்டிருக்கிறார் மனுஷன்.

"அந்த ஃப்ளெக்ஸோட பத்தாந்தேதி அவனுக முன்னால நின்னிருந்தன்னு வெய்ங்க," என்றார்.

"குப்பாத்தா?"

"அவளுக்கென்ன, இருக்கட்டும். அவ தேய்க்கலீன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடிகிற ஆளா அவர்? மோதிரத்தை மாட்டிக்கொண்டவுடன் பழைய முதலாளி வந்துவிட்டார். "ஒண்ணு பண்ணுங்க. தகட்டத் திருப்பிப் போட்டு வெய்ங்க. முள்ளங்கி தெரியட்டும், எழுத்து தெரிய வேண்டாம். ஒத்த வரி அட்டை போதும். உங்க பேரும் வேண்டாம்."

"மாட்டேன் சார்."

"இப்ப எதுக்குங்க மாட்டேங்கறீங்க?"

"எழுத்தை மறைச்சு வெச்சா, நாளைக்கு யாராவது திருப்பிப் பார்த்துட்டு மறுபடி நம்புவாங்க. பொய்யைப் பூட்டி வெக்க எனக்குச் சம்பளம் வேண்டாம்."

"அப்படீன்னா ஊட்டக் காலி பண்ணிக்குங்க."

"பண்ணிக்கறேன்."

டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அக்காவுடையது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பாத்திரங்களையும் சாக்கில் கட்டினேன். தூசி என்று இனிமேல் எழுதமாட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். நாளைய விருந்துக்குப் போட்ட சமையல் பந்தலில் தலைகீழாகத் திருப்பி விரித்து அதன் மேல் காய்கறி கொட்டியிருக்கிறார்கள். ஒரு ஓரம் மடங்கி சாரின் கூப்பிய கை மட்டும் வெளியே தெரிகிறது. பக்கத்தில் கத்தரிக்காய்.

வேலை போகிறதானால் போகட்டும், போகும்வரை நான்தான் இங்கே அட்டை எழுதுகிறவள். எழுதினேன். தகட்டை எழுத்துப் பக்கம் மேலே தெரியக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

அட்டையில் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'வாளின் காப்புத்தகடு. இரும்பு. முள்ளங்கி உருவம். எடோ நகரம், அகசாகா பட்டறை வழி. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறுகளின் நடுப்பகுதி. தகடு உண்மையானது. அதிலுள்ள எழுத்து பொய். அண்மையில் வெட்டிக் கறுப்புப் பூசியது. ஆயுத பூஜைக்குப் புளியிட்டுத் தேய்த்தபோது இது தெரிய வந்தது. அதில் தகட்டின் பழைய நிறமும் ஒரு பக்கம் போயிற்று. பார்த்தவர்: கோதைநாயகி. தேய்த்தவர்: குப்பாத்தாள்.'

அக்டோபர் 10, வெள்ளி

விருந்தாளிகள் வருவதற்கு முன்னாலேயே சார் வந்து பெட்டி முன் நின்றார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். அட்டையை முழுக்கப் படித்தார். உதடு அசைய அசையப் படித்தார்.

"சாவி குடுங்க."

"மாட்டேன்."

"சரி, அட்டை இருக்கட்டும். உங்க பேர மட்டுமாச்சும் எடுத்துடுங்க. யாரோ எழுதுனதுன்னு இருக்கட்டும். கம்பெனிக்குள்ளாற ஆளே இப்படி எழுதுனாங்கன்னா எனக்கென்னங்க மரியாத?"

ஒரு மாசமாகப் பேரைப் போடு, பேரைப் போடு என்று உயிரை வாங்கின மனுஷன்!

"பொய்க்குக் கீழ பேரைப் போடுன்னீங்க, போடமாட்டேன்னேன். இது உண்மை. இதுக்குக் கீழ போட்ட பேரை எடுக்கவும் மாட்டேன். வேணும்னா பெட்டியை உடைச்சுக்குங்க."

உடைத்திருப்பாரோ என்னவோ. வாசலில் மேளம் கேட்டது. வந்துவிட்டார்கள்.

நாலு பேர், மாலையும் சந்தனமுமாக. அதில் வயதானவர், மொரினாகா என்று பெயர், ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து முள்ளங்கியிடம் நின்றார். குனிந்தார். எழுத்தைப் படித்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். படிக்கத் தெரிந்தவர்கள்தானே, மின்னுகிற எழுத்து கண்ணில் படாமல் இருக்குமா? பிறகு அட்டையைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். கேட்டது என்னிடம். அட்டையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஜப்பானிய மொழியில் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. புளிக்கு அவர்கள் மொழியில் சட்டென்று வார்த்தை வராமல், சமையல் பந்தலிலிருந்து ஒரு உருண்டை கொண்டுவரச் சொல்லிக் காட்டினேன். மொரினாகா அதை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார். மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

இதைத் தேய்த்தது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முன்னால் வந்தார். "ஏ குப்பாத்தா, இங்க வா" என்று தூணுக்குப் பின்னால் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, இங்கிலீஷில் ஆரம்பித்தார் பாருங்கள்! எங்கள் கம்பெனியில் ஒரு பொய்யான பொருள் வந்தாலும் மறைக்கமாட்டோம், நாங்களே சோதித்து நாங்களே சொல்வோம், கடைசிக் கோடித் தொழிலாளி வரைக்கும் தரம் பார்ப்பார்கள் என்று. அடப்பாவி மனுஷா! காலையில் சாவி கேட்ட வாய்தானே இது? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மொரினாகா குப்பாத்தாளுக்கு முன்னால் இடுப்பு வரைக்கும் குனிந்து வணக்கம் சொன்னார்.

குப்பாத்தாள் என் காதில், "எதுக்குங் அம்மிணி குனியறாரு, ஏதாச்சும் கீழ உளுந்துருச்சுங்களா?" என்றாள்.

அவர்கள் போன பிறகு அவள் அட்டைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். விரலைக் கண்ணாடியில் வைத்து, "கு... ப்... பா" என்று போய்க் கடைசியில் நிறுத்தினாள். "என்ற பேரு கண்ணாடிக்குள்ளயா!" என்றாள். "கெடுத்தவன்னு போடாம தேய்ச்சவன்னுதான போட்டிருக்கீங்?" அப்படித்தான் போட்டிருக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 11, சனி

காலையில் சார் ஆபீஸிலிருந்து பியூன் வந்தார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஏதோ கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாயைத் திறப்பதற்குள், "சாவியா? இந்தாங்க" என்று இடுப்பில் கை வைத்தேன்.

"சாவி எதுக்குங் மேடம்? இதக் குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்று அக்காவின் டிபன் பாக்ஸை நீட்டினார். கழுவிப் புளி வாடையில்லாமல் இருந்தது. வேறு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா என்று கேட்டேன். இல்லையாம்.

தகட்டை வெளியே எடுத்து, நானும் குப்பாத்தாளும் மாற்றி மாற்றிப் பருத்தித் துணியால் தேய்த்தோம். புளி இல்லாமல், உப்பு இல்லாமல், வெறும் துணி. கறுப்பு திரும்பி ஏற எத்தனையோ வருஷம் ஆகும் என்றேன். "ஆகட்டுமுங், எனக்கென்ன வேல?" என்றாள்.

உள்ளே வந்தால் அக்கா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூட்டையப் பிரிக்கட்டுமா?"

"எந்த மூட்டை? தூசி தட்டக் கட்டினதுதானே," என்றேன். "தட்டியாச்சுன்னா பிரிச்சுடு."